வீடு வீடாகக் கேட்போம்: சித்தையன்கோட்டை மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சித்தையன்கோட்டை மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

உங்களால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு வேலையைக் கேட்டு இதை எழுதுகிறேன். போன பொங்கலிலிருந்து இன்று வரைக்கும் சித்தையன்கோட்டையில் எத்தனை வீட்டில் ஆடு களவு போனது? எத்தனை தோட்டத்தில் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போனார்கள்? எத்தனை பேர் போனில் ஏமாந்து பணத்தை விட்டார்கள்? எத்தனை பெண்கள் பஸ்ஸிலும் தெருவிலும் தொல்லைப்பட்டார்கள்? இதற்குப் பதில் சொல்ல இன்று ஊரில் ஆள் இல்லை. செம்பட்டி காவல் நிலையத்திலும் முழுப் பதில் இருக்காது. நடந்தவற்றில் அங்கே வந்து சேர்ந்தது எதுவோ, வந்து சேர்ந்ததில் எழுதப்பட்டது எதுவோ, அதுதான் அங்கே இருக்கும். மிச்சத்தை வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை நீங்கள் முன்னின்று செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஓர் இழப்பு எண்ணிக்கையில் ஏறுவதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பாருங்கள். கொட்டத்தில் கட்டியிருந்த ஆட்டைக் காலையில் காணோம். முதல் நாள் தேடுவதில் போகும். இரண்டாம் நாள் யார் வேலை என்று பேச்சு ஓடும். சந்தேகம் சொந்தக்காரர் மேலோ அதே தெருக்காரர் மேலோ விழுந்தால் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். ஸ்டேஷனுக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஆள் வேண்டும், மனு எழுதித் தர ஒருவர் வேண்டும். மனு கொடுத்தவர்களில் பலருக்குக் கையில் கிடைப்பது, மனு வந்து சேர்ந்ததை மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் மாவட்டக் கணக்கிலும் மாநிலக் கணக்கிலும் ஏறி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் டெல்லியில் வெளியிடும் ஆண்டறிக்கைக்குப் போகும். அங்கேயும் ஒரு கழிவு உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் வீடு புகுந்ததும் அடித்ததும் கொன்றதும் சேர்ந்திருந்தால், தண்டனை பெரிதான கொலையை மட்டுமே எண்ணுவார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்தப் பாதை சிறு இழப்புக்காரர்களுக்கு இன்னும் குறுகிவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறையாகத் திருடியவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூகப் பணியைத் தண்டனையாக வைக்கிறது. அதோடு சேர்ந்து வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அந்த வகைத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணை தொடங்க முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் புகுந்து திருடினால் அது வேறு பிரிவு. ஆனால் தோட்டத்தில் வெட்டிப் போன வயர், மரத்திலிருந்து இறக்கிப் போன தேங்காய், திண்ணையிலிருந்து எடுத்துப் போன பழைய சைக்கிள் இவையெல்லாம் பெரும்பாலும் அந்த 5,000 ரூபாய்க் கோட்டுக்குக் கீழேதான் விழும். சிறு குற்றத்துக்குச் சிறைக்குப் பதில் சமூகப் பணி என்பது நல்ல எண்ணம்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தினக்கூலிக்காரர் இழப்பது பெரும்பாலும் இந்த அளவில்தான். எஃப்.ஐ.ஆர்களை எண்ணும் கணக்கில் இனி அவர் இழப்பு தெரியாமல் போகும்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி, ஊரில் காய்ச்சல் எவ்வளவு என்று எந்த நர்ஸும் சொல்லமாட்டார். தெருத்தெருவாகப் போய்க் கேட்பார். குற்றத்துக்கும் அதே வழிதான். குற்றங்கள் கூடுவதும் குற்றப்பதிவு கூடுவதும் ஒன்றல்ல என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. நல்ல அதிகாரி ஒருவர் வந்து, மனு கொடுக்க வருபவர்களை உட்காரவைத்துக் கேட்டால், அந்த ஆண்டு பதிவேட்டில் குற்றம் கூடியிருக்கும். மக்கள் நம்பிக்கை இழந்து வராமல் இருந்தால் குறைந்திருக்கும். பதிவேட்டை மட்டும் வைத்துப் பேசினால் நல்லவருக்குக் கெட்ட பெயரும் மற்றவருக்கு நல்ல பெயரும் கிடைக்கும்.

எழுதப்படாத களவு நம் பக்கத்துக்குப் புதியது இல்லை. நம் திண்டுக்கல் மாவட்டம் 1985 வரை மதுரை மாவட்டத்தோடு இருந்த பகுதி. அந்த மதுரைச் சீமையில் மாடு களவு போனால் நூறாண்டுக்கு முன் நம் முன்னோர் போலீசைத் தேடிப் போனது குறைவு. தெரிந்தவர் மூலம் ஆள் விட்டு, துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொண்டு வந்தார்கள். மாடு வீடு திரும்பியதால் களவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இன்றைக்கும் பெரிய மனிதர்களை வைத்துப் பேசி முடிக்கும் வழக்குகளுக்கு அதே கதிதான்.

பாதிக்கப்பட்டவர்களையே நேரில் கேட்டு அளக்கும் முறைக்கு அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதி ஆணையத்துக்காக 10,000 வீடுகளில் கேட்டார்கள். போலீஸ் கணக்கைவிடக் குற்றம் ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரியவந்தது. 1972 முதல் அங்கே அது தொடர் கணக்கெடுப்பாகவே நடக்கிறது. பிரிட்டனில் 1982-ல் தொடங்கினார்கள். 1989-ல் பல நாடுகள் சேர்ந்து ஒரே கேள்விகளைக் கேட்கும் சர்வதேசக் கணக்கெடுப்பு வந்தது; அதில் பிறகு பம்பாயும் சேர்ந்தது. நம் மாநிலத்தில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி ஆகிய நான்கு நகரங்களில் இதே முறையில் கேட்டறிந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் பணியாற்றிய பேராசிரியர் கு. சொக்கலிங்கம் அதன் முடிவுகளை 2003-ல் ஐக்கிய நாடுகள் இதழொன்றில் எழுதினார். 2015-ல் காமன்வெல்த் மனித உரிமை முனைப்பு அமைப்பு டெல்லியிலும் மும்பையிலும் கேட்டது. 2017-ல் ஐ.டி.எஃப்.சி. நிறுவனம் சென்னை உட்பட நான்கு மாநகரங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டபோது, பொருளைப் பறிகொடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எஃப்.ஐ.ஆர். வரை போகவில்லை.

இவையெல்லாம் மாநகரங்கள். நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஒரு பேரூராட்சியில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. அதனால்தான் சென்னையின் கேள்வித்தாளை வாங்கி இங்கே நிரப்பச் சொல்லாமல், உங்களிடம் வருகிறேன். வாராவாரம் உட்கார்ந்து சேமிப்பும் கடனும் தவணையும் எழுதிப் பழகிய கைகள் உங்களுடையவை. எந்தச் சந்தில் எத்தனை வாசல் என்று உங்களுக்குத் தெரியும்.

வேலையை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வீடுகளைத் தேர்ந்தெடுப்பது. கூட்டம் போட்டு, வந்தவர்களைக் கேட்டால் போதாது. கூட்டத்துக்கு வரமுடியாதவரின் கதை விடுபடும். பேரூராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டை மட்டும் நம்பினாலும் வாடகைக்கு இருப்பவரும் புறம்போக்கில் குடிசை போட்டவரும் விடுபடுவார்கள். தெருவில் நடந்து வாசல்களை எண்ணுங்கள். சீட்டுக் குலுக்கி ஒரு தொடக்க எண்ணை எடுத்து, அங்கிருந்து இத்தனை வாசலுக்கு ஒன்று என்று குறித்துக்கொண்டு போங்கள். தெரிந்த வீடு, பேசுகிற வீடு, நம் ஆள் வீடு என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. பூட்டிய வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகவும் கூடாது. பிழைப்புக்குத் திருப்பூருக்கும் கோவைக்கும் போய், பல நாள் பூட்டிக் கிடக்கும் வீடுதான் களவுக்கு முதலில் இலக்காகும். அதை விட்டுவிட்டால் கணக்கு உண்மையைவிடக் குறைந்து காட்டும். ஆள் இருக்கும் நேரம் பார்த்து இரண்டு மூன்று தடவை போக வேண்டும்.

எத்தனை வீடு? 400 வீடு என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 வீட்டில் ஏதோ ஒரு களவு என்று வந்தால் நூற்றுக்குப் பத்து. கேட்காத வீடுகளையும் சேர்த்து, ஊரின் உண்மை நிலவரம் ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்கும் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். அடுத்த ஆண்டு பதினொன்று என்று வந்தால் குற்றம் கூடிவிட்டது என்று சொல்லக்கூடாது. அந்த இடைவெளிக்குள்தான் அது அடங்குகிறது. பதினெட்டு என்று வந்தால் கவலைப்பட வேண்டும். கொலை போன்ற அரிய குற்றங்களை இந்த முறையில் அளக்க முடியாது. அதற்குப் போலீஸ் பதிவேடுதான் சரியான இடம்.

அடுத்தது கேள்விகள். “உங்கள் வீட்டில் ஏதாவது குற்றம் நடந்ததா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கோழி போனதையும் பெட்ரோல் உறிஞ்சியதையும் யாரும் குற்றம் என்று நினைத்து வைத்திருப்பதில்லை. நடந்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆடு, மாடு, கோழி களவு போனதா? தோட்டத்தில் மோட்டார், வயர், பைப்பு போனதா? தேங்காயை யாராவது இறக்கிக்கொண்டு போனார்களா? வண்டியோ வண்டியின் பேட்டரியோ போனதா? வீடு பூட்டியிருந்தபோது உள்ளே புகுந்தார்களா? பஸ்ஸிலோ சந்தையிலோ பர்ஸ், செல்போன், சங்கிலி போனதா? போனில் பேசி ஓ.டி.பி. வாங்கியோ, வேலை வாங்கித் தருகிறேன் என்றோ பணம் பறித்தார்களா? வட்டிக்கு விட்டவரோ கடன் வசூலிக்க வந்தவரோ வாசலில் நின்று மிரட்டினார்களா? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் சேருங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டுவதற்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. மிரட்டப்பட்டவர் தன்னைக் கடன்காரராக மட்டுமே நினைத்துக் கூனிக்குறுகிப் போகிறார். தான் ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியவேண்டும்.

எந்தக் காலத்தைக் கேட்கிறோம் என்பது முக்கியம். மனிதர் நினைவு, மூன்று வருஷத்துக்கு முன் போன சங்கிலியைப் போன வருஷம் போனதாக இழுத்து வைத்துக்கொள்ளும். வலி பெரிதாக இருந்தால் நாள் கிட்டத்தில் தெரியும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இதற்காகவே ஆறு மாதத்தை மட்டும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பன்னிரண்டு மாதம். நமக்குப் பொங்கல் நல்ல எல்லைக்கல். “போன பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டு, பிறகு நோன்புப் பெருநாள், ஆடி, தீபாவளி, நெல் அறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவைத் தட்டி எழுப்புங்கள்.

நடந்தது என்று சொன்னவரிடம் மேலும் இரண்டு கேள்வி. போலீசுக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் ஏன்? போனவரிடம், கையில் என்ன கிடைத்தது, ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா என்று கேளுங்கள். இந்தக் கணக்கெடுப்பிலேயே மதிப்பு மிகுந்த விடை இதில்தான் இருக்கிறது. நடந்த நூறில் எத்தனை புகாராகப் போனது என்பது, ஊருக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே இருக்கும் நம்பிக்கையின் அளவு. ஐக்கிய நாடுகளின் நிலையான வளர்ச்சி இலக்குகளிலும், வன்முறைக்கு ஆளானவர்களில் எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பது ஓர் அளவுகோல். இருட்டிய பிறகு தன் தெருவில் தனியாக நடக்கப் பயமில்லை என்பவர் எத்தனை பேர் என்பது இன்னொன்று. அந்தக் கேள்வியையும் கேளுங்கள். பயம் என்றால் எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யார் பதில் சொல்வது? கதவைத் திறந்தவரையே கேட்டால் பகலில் ஒரு வகை ஆட்களும் மாலையில் ஒரு வகை ஆட்களும்தான் அகப்படுவார்கள். களவுக் கேள்விகளுக்கு வீட்டுப் பெரியவர் யாரும் பதில் சொல்லலாம். வழியில் நேர்ந்த தொல்லை, மிரட்டல் பற்றியவற்றுக்கு, வீட்டிலுள்ள பெரியவர்களில் அடுத்துப் பிறந்தநாள் வரப்போகிறவர் யாரோ அவரைத் தனியாகக் கேளுங்கள். மாமியார் முன்னால் மருமகளும் அப்பா முன்னால் மகளும் உண்மை சொல்ல முடியாது.

சகோதரிகளே, இனிச் சொல்வதுதான் இந்த மடலில் கனமான பகுதி.

வீட்டுக்குள் நடக்கும் அடியைப் பற்றி நீங்கள் கேட்காதீர்கள். அது சிறிய விஷயம் என்பதால் இதைச் சொல்லவில்லை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் சொன்னதுகூட இல்லை. அந்த ஆய்வில் இந்தக் கேள்விகளை வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும், தனியிடத்தில், பயிற்சி பெற்ற பெண் கேட்டார். வேறு யாரிடமும் சொல்லாததை அந்த அந்நியப் பெண்ணிடம் சொன்னார்கள் என்றால், அவர் மறுநாள் தெருக்குழாயடியில் நிற்கப்போவதில்லை என்பதும் ஒரு காரணம். நீங்கள் நிற்பீர்கள். அதே குழுவில் உட்கார்ந்து கடன் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் அன்பு எவ்வளவு பெரியதானாலும், சொன்னவளுக்கு அது பயம்தான். கேட்டது கணவன் காதுக்குப் போனால் அடி இரட்டிப்பாகும்.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். களவு, ஏமாற்று, மிரட்டல், தெருப் பாதுகாப்பு ஆகியவற்றை நீங்கள் கேளுங்கள். அதிலும் சொந்தத் தெருவை விட்டு வேறு தெருவில் கேளுங்கள். வீட்டு வன்முறைக் கேள்விகளை வெளியிலிருந்து பயிற்சியோடு வரும் பெண்களிடம் விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியபோதே கிராமத்துக்காகப் படிப்பு என்பதுதான் நோக்கம். அங்கே கேட்டால் மாணவியரும் ஆசிரியர்களும் கைகொடுக்க வழியுண்டு. வீடுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கைச் சரிபார்ப்பதிலும்கூட அவர்கள் துணை வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை இந்தத் தாளில் சேர்க்கவே வேண்டாம். 2012-ன் போக்சோ சட்டப்படி அப்படி ஒன்று தெரியவந்தால் புகார் செய்தே ஆகவேண்டும். எண்ணிவிட்டுப் பேசாமல் வர முடியாது. பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதில் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணைய மோசடிக்கு 1930 என்று இருக்கட்டும். எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், எல்லை கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது, நகல் இலவசம் என்பதையும் அதில் அச்சடியுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை: “யார் செய்தது?” என்று கேட்காதீர்கள். சாதி, மதம், தெருப் பெயர் எதுவும் குற்றத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி தாளில் இடம் வைக்காதீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் மண்ணுக்குத் தெரியும். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்களில் பிறந்தவர்களைப் பிறப்பை வைத்தே குற்றவாளிகளாக எழுதி, கைரேகை வாங்கி, இரவு ஸ்டேஷனில் படுக்கவைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்தவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். 1947-ல்தான் இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த அரசு எண்ணியது ஆட்களை. நாம் எண்ணப்போவது நேர்ந்த இழப்பை. இரண்டும் ஒரே நோட்டில் சேரக்கூடாது. தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் தனியே பூட்டியிருக்கட்டும். சரிபார்ப்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள். முடிவை ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள். தெருவாரியாகப் பிரித்தால், ஒரே ஒருவர் பாதிக்கப்பட்ட தெருவில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முடிவு கையில் வந்ததும் மூன்று இடத்துக்குப் போகவேண்டும். எந்த இடத்தில் இருட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்பது பேரூராட்சிக்கு. தெருவிளக்கு அவர்கள் பொறுப்பு. எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் வயரும் ஆடும் போகின்றன, ஏன் மக்கள் மனு கொடுக்க வருவதில்லை என்பது செம்பட்டி காவல் நிலையத்துக்கு. இது அவர்கள்மேல் குற்றச்சாட்டு இல்லை, ரோந்துக்கும் நம்பிக்கைக்கும் துணை என்று நேரில் சொல்லிக் கொடுங்கள். முழு முடிவும் ஊருக்கு. பதில் சொன்னவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. அடுத்த பொங்கலுக்கு அதே கேள்விகளை அதே சொற்களில் மறுபடி கேளுங்கள். 1992-ல் அமெரிக்காவில் கேள்விகளைச் சீர்திருத்தியபோது, முன்பு வெளிவராத குற்றங்கள் வெளிவந்து எண்ணிக்கை கூடியது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமல் போனது. முதல் ஆண்டிலேயே கேள்விகளை நன்றாக யோசித்து அமைத்துவிட்டு, பிறகு கைவைக்காதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நான்கு வரித் தீர்மானம் ஒன்று போடுங்கள். கணக்கெடுப்பு நடத்துகிறோம், சொந்தத் தெருவில் கேட்கமாட்டோம், பெயர் எழுதமாட்டோம், முடிவை ஊர் முன் வாசிப்போம். இந்த நான்கும் இருந்தால் மற்ற வேலையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதே. போன ஆட்டுக்கும் பறிபோன பணத்துக்கும் எண் இல்லாத வரை, இழந்தவர் ஒவ்வொருவரும் அது தன் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நூற்றில் இத்தனை வீடு என்று தெரிந்த நாளில், அது ஊர் கேட்டுப் பெறவேண்டிய நியாயமாகிவிடும். அந்தக் கணக்கை எடுக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஆத்தூர் வட்டத்திலிருந்து உங்கள் சகோதரி ஒருத்தி